தேய வேண்டியது எது?

பயணிகள் ரயில் ஓடாத ஊரில் ரயில்வே எழுத்தராகக் காலந்தள்ளுவது ஒரு விந்தையான பிழைப்புத்தான். ஆயினும், கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ இராமநாதபுரத்துக்கோ செல்ல வேண்டிய நம்மவர்களுக்கு, இங்கிருந்தபடியே இருக்கை முன்பதிவு செய்து தரும் சாளரம் ஒன்று வேண்டுமன்றோ? 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், அத்தகைய சாளரத்தின் பின்னே அமர்ந்துதான் நாம் பிழைக்கிறோம். ஆகவே, மோட்டார் வண்டியின் உள்ளுறுப்பு ஒன்றைப் பற்றி நாம் எழுதப் புகுந்ததைக் கண்டு, நம்மை அறிந்த அன்பர்கள் நகைக்கக் கூடும். நகைக்கட்டும், ஆனால் முழுதும் படித்த பின்னர் நகைக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நம் தாய்மாமன் இத்தீவுக்கு வந்து, கட்டட ஒப்பந்த வேலைகள் எடுத்து, நேர்மையாக நாலு காசு சேர்த்தவர். பிள்ளைப்பேறு இல்லை. அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அது வேகமாக ஓடும் மோட்டார் வண்டி. 2004ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். என்னும் வண்டியை மறு ஆண்டே சென்னையில் வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொணர்ந்தார். பார்வைக்குக் குடும்ப வண்டி. உள்ளத்தில் பந்தய வண்டி. 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு டர்போ பூட்டி, 150 குதிரைத் திறன் தரும்படி அமைத்திருந்தார்கள். பெட்ரோல் எஞ்சினில் டர்போ என்பது அந்நாளில் நம் நாட்டுச் சாலைகளில் அரிய காட்சி. அபெர்தீன் கடைத்தெருவில் அதை நிறுத்தினால் சிறுவர் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். நாமும் அச்சிறுவருள் ஒருவராய் இருந்தோம்.

மாமா மறைந்து ஆண்டுகள் நான்கு ஆகின்றன. அத்தை பம்பூ பிளாட்டில் மாமா கட்டிய வீட்டிலேயே இருக்கிறார். வண்டியும் அவருடையதே. அதைப் பேணுவதும் ஓட்டுவதும் நம்முடையவும் நம் தம்பியுடையவும் பொறுப்பு. “இத்தனை பழைய வண்டியை வைத்துக்கொண்டு ஏன் தொல்லைப்படுகிறீர்கள்? விற்றுவிடலாமே!” என்று அலுவலக நண்பர்கள் கேட்பதுண்டு. விற்றால் வருவது அற்பத் தொகை. வைத்திருந்தாலோ அத்தைக்கு அது ஓர் உயிர்த்துணை. அவருக்குச் சிறுநீரகங்கள் பழுதுபட்டு, வாரம் இருமுறை கடலின் இக்கரைக்கு வந்து மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. சிகிச்சை முடிந்து வெளிவரும்போது அவரால் பத்தடி நடக்க இயலாது. வண்டியின் முன்னிருக்கையைச் சாய்த்து, அதிலே கண்மூடிக் கிடந்தபடியே வீடு சேர்வார்.

பம்பூ பிளாட்டிலிருந்து நகருக்குச் சாலை வழியே வருவதாயின் மலையும் காடும் சுற்றிப் பல மடங்கு தூரம் வர வேண்டும். ஆகவே எல்லோரும் சாத்தம் துறைக்கு வரும் வாகனப் படகையே நாடுவர். சில நிமிடப் பயணந்தான். ஆனால் படகில் ஏறுவதும் இறங்குவதும் ஓட்டுநருக்கு ஒரு சோதனை. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் துறைச் சரிவு மெல்லியதாக இருக்கும். வற்று நேரத்தில் படகு தாழ்ந்து, சரிவு செங்குத்தாகிவிடும். முன்னே ஒரு லாரி, பின்னே ஒரு ஜீப், நடுவே நம் வண்டி. அங்குலம் அங்குலமாக ஊர்ந்து ஏற வேண்டும். அங்கே வேகத்துக்கு வேலையில்லை, மெதுவுக்கே வேலை.

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், காலை நேரம், நல்ல வற்று. தம்பி வண்டியை ஓட்டினான். அத்தை முன்னிருக்கையில், நாம் பின்னே. சாத்தம் துறையில் படகை விட்டு இறங்கிச் சரிவில் ஏறத் தொடங்கியதும், எஞ்சின் திடீரென்று உறுமிற்று, வண்டியோ நகரவில்லை. தம்பி இன்னும் அழுத்தினான். உறுமல் உயர்ந்தது, கருகிய நாற்றம் எழுந்தது, வண்டி மெல்லப் பின்னோக்கி நழுவிற்று. பின்னால் கடல். தம்பி பிரேக்கை மிதித்துக் கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டான். படகுத் தொழிலாளர் இருவர் ஓடிவந்து சக்கரங்களுக்குக் கீழே மரக்கட்டைகளைச் செருகினர். பின்னர்ப் பத்துப் பேர் சேர்ந்து தள்ளி வண்டியை மேலேற்றினர். யாருக்கும் காயமில்லை. ஆனால் அத்தையின் கை, கதவின் பிடியை இறுகப் பற்றியது பற்றியபடியே இருந்தது. அதைப் பிரித்தெடுக்க நமக்குச் சிறிது நேரம் பிடித்தது. அன்று ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

வண்டியை டிலானிப்பூர் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் இழுத்துச் சென்று விட்டோம். தூத்துக்குடியிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக இத்தீவின் வண்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர். கேட்டவுடனே, “கிளட்ச் முடிந்துவிட்டது, தம்பி. இதற்கு முன் மாற்றினீர்களா?” என்றார். நமக்குத் தலை குனிந்தது.

மாற்றினோம். இரண்டாண்டுகளுக்கு முன், கிளட்ச் இலேசாக வழுக்கியபோது, புதியது வாங்கினால் செலவு மிகும் என்று அஞ்சி, வேறோரிடத்தில் பழைய தட்டிலேயே புதிய உராய்வுப் பட்டையை அறைந்து வாங்கிக்கொண்டோம். செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆயிற்று. அந்த மாதம் முழுதும் நம் சிக்கனத்தை நாமே மெச்சிக்கொண்டோம். அந்தப் பட்டை எத்தகையது, எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு வெப்பத்தில் கருகும் என்று நாம் கேட்கவில்லை, செய்தவரும் சொல்லவில்லை. சமதரையில் அது ஓடியது. சரிவில் அத்தையை வைத்துக்கொண்டு கைவிட்டது. குற்றம் பட்டையினுடையது மட்டுமன்று. விலையை மட்டும் கேட்டு வாங்கிய நம்முடையதுமாகும்.

இவ்விடத்தில், மோட்டார்ப் பழக்கம் இல்லாத நேயர்களுக்காகக் கிளட்ச் என்பது யாது என்று சில சொற்களில் கூறிவிடுகிறோம். எஞ்சின் ஓயாமல் சுழல்வது. சக்கரமோ நின்றும் நகர்ந்தும் போவது. இவ்விரண்டையும் வேண்டும்போது சேர்க்கவும், வேண்டாதபோது பிரிக்கவும் நடுவே நிற்பதே கிளட்ச். எஞ்சினின் முனையில் பிளைவீல் என்னும் கனத்த இரும்புச் சக்கரம் சுழல்கிறது. அதனெதிரே பிரஷர் பிளேட். இரண்டுக்கும் இடையே உராய்வுப் பட்டை ஒட்டிய தட்டு. மிதியைக் காலால் அழுத்தினால் பிடி தளர்கிறது. காலை எடுத்தால் வில்லின் விசையால் தட்டு இறுக்கப்பட்டுச் சுழற்சி கியர் பெட்டிக்குச் செல்கிறது. இந்தப் பிடி எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பது மூன்றைப் பொறுத்தது: வில்லின் அழுத்தம், பட்டையின் உராய்வுத் தன்மை, தட்டின் அகலம். ஒன்று குறைந்தாலும் பிடி வழுக்கும்.

டர்போ வண்டியில் இச்சிக்கல் பெரிதாகிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் புய்ஷி 1905ஆம் ஆண்டில் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் தன் முழு முறுக்கைக் காட்ட மிகுதியாகச் சுழல வேண்டும். நம் மாமாவின் வண்டியோ நிமிடத்துக்கு 1,750 சுற்றிலேயே தன் முழு முறுக்கான 210 நியூட்டன் மீட்டரையும் கொடுத்துவிடும். 4,600 சுற்று வரை அதைத் தளரவிடாது. அதாவது, மெதுவாகப் போகும்போதே முழுப் பாரமும் கிளட்சின் தலையில் இறங்கிவிடுகிறது. தேய்ந்த கிளட்ச் முதலிற் காட்டிக்கொடுக்குமிடமும் அதுவே. அண்ணாச்சி ஒரு சோதனை சொன்னார். சமமான வெற்றுச் சாலையில் மேல் கியரில் மெதுவாகப் போகும்போது முடுக்கியை ஆழ அழுத்த வேண்டும். சுற்றுமானியின் முள் எழும்பி, வேகமானியின் முள் எழும்பாவிடின் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். இச்சோதனையை நாம் முன்னரே அறிந்திருந்தால், சாத்தம் துறையில் பத்துப் பேரின் தோள்களுக்கு வேலை வைத்திருக்க மாட்டோம்.

இனி, புதிய கிளட்ச் எது வாங்குவது? இங்கேதான் நம் வீட்டில் பாரதப் போர் மூண்டது.

தம்பி சுற்றுலா வண்டி ஓட்டிப் பிழைப்பவன், இருபத்தாறு வயது, கைப்பேசியில் பந்தய வண்டிகளைக் கண்டு களிப்பவன். “அண்ணா, செராமிக் கிளட்ச் போட்டுவிடுவோம். இதைப்போல் இரண்டு மடங்கு பாரம் தாங்கும். பிறகு எஞ்சினின் கணினியையும் திருத்தினால் இன்னும் ஐம்பது குதிரைத் திறன் கிடைக்கும். மாமா இருந்தால் இதைத்தான் செய்திருப்பார்!” என்றான். அதற்காகத் தன் சேமிப்பு நாற்பதாயிரத்தையும் மேசைமேல் வைத்தான். நாம் அவன் பணத்தைக் கண்டு இரங்கினோமேயன்றி அவன் யோசனையைக் கண்டு அல்ல. ஆயினும் மறுக்கத்தக்க காரணம் நம்மிடம் இல்லை. வழுக்கியதால் ஆபத்து வந்தது. ஆகவே வழுக்காததை வாங்குவோம் என்கிறான். அது நியாயமாகத்தானே தோன்றுகிறது?

அண்ணாச்சியைக் கேட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். சாதாரணத் தட்டில் இழைகளும் பிசினும் கலந்த பட்டை முழுவட்டமாக ஒட்டியிருக்கும். அது மெல்ல மெல்லப் பிடிக்கும். சற்றே வழுக்க விட்டு ஊர்ந்து போகலாம். செராமிக் தட்டிலோ நாலைந்து சிறு வில்லைகள்தாம் உண்டு. கடும் வெப்பத்தைத் தாங்கும். பெரும் முறுக்கைத் தாங்கும். ஆனால் அது பிடிப்பதாயின் பட்டென்று பிடிக்கும், இல்லையேல் பிடிக்காது. பந்தயத் திடலில் அதுவே சிறப்பு. படகுத்துறைச் சரிவில், முன்னே நிற்கும் லாரிக்கு ஒரு முழம் பின்னால், அங்குலம் அங்குலமாக ஏறும்போது, ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு குலுக்கல். “உங்கள் அத்தையை அதில் உட்கார வைப்பீர்களா?” என்று கேட்டார்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே நமக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. இத்தீவுக்கு மாற்றலாகி வருமுன் தமிழ்நாட்டில் சரக்கு நிலையம் ஒன்றில் எழுத்தராக இருந்தோம். அங்கே சரக்குப் பெட்டிகளை இணைக்கும் இரும்புக் கைகளைக் காட்டி, மூத்த தொழிலாளர் ஒருவர் சொன்னார்: “இதன் விரல்போல் மடங்கும் துண்டு இருக்கிறதே, அதற்கு நக்கிள் என்று பெயர். அளவுக்கு மீறி இழுத்தால் முதலில் உடைய வேண்டியது அதுதான். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அது உடைந்தால் வழியிலேயே வேறொன்றை மாட்டிக்கொண்டு போகலாம். அதை வலுவாக்கிவிட்டால் முழுக் கையும் பெட்டியின் அடிச்சட்டமும் பெயர்ந்து வரும்.” அன்று அதைக் கேட்டுத் தலையசைத்தோம், அதன் பொருள் பட்டறையில் நின்றபோதுதான் முழுதும் விளங்கிற்று.

வழுக்குவது கிளட்சின் குற்றம் மட்டுமன்று. அளவோடு இருந்தால் அது அதன் கடமையுமாம். எஞ்சினின் முரட்டு முறுக்குத் திடீரென்று வந்து மோதும்போது, கிளட்ச் சற்றே வழுக்கி, தான் தேய்ந்து, பின்னே இருக்கும் கியர் பெட்டியைக் காக்கிறது. தேயாத கிளட்சைப் போட்டால் தேய்வு ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. கியர்ப் பற்களுக்கும் அச்சுகளுக்கும் அது போய்ச் சேருகிறது. கிளட்சைக் கப்பலில் ஒரு பெட்டியில் வரவழைக்கலாம். இருபது வயது வண்டிக்கு நல்ல கியர் பெட்டியை எங்கே தேடுவது? ஆகவே, ‘எது தேயாதது?’ என்ற கேள்வியை விட்டு, ‘தேய வேண்டியது எது?’ என்று கேட்பதே அறிவுடைமை என நமக்குப் பட்டது.

இதைத் தம்பியிடம் சொன்னோம். அவன் ஒருவாறு இணங்கினான். ஆனால் முகம் வாடிற்று. “சரி, சாதாரணக் கிளட்சே வாங்குவோம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையொன்றில் இந்த ஆண்டு வண்டிக்கு உரிய செட் ஒன்றே ஒன்று இருக்கிறதாம். அடுத்த கப்பல் கிளம்புமுன் பணம் அனுப்பிவிடட்டுமா?” என்றான். அவன் அவசரத்துக்குக் காரணம் உண்டு. சென்னைக்கும் இங்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போதோ? அதுவரை அத்தை படகில் நின்று, கூட்டத்தில் நெருக்குண்டு, ஆட்டோவில் குலுங்கி வர வேண்டும். சென்ற வாரம் துறையிலேயே மயங்கி அமர்ந்துவிட்டார். “அனுப்பு” என்று நாவின் நுனி வரை வந்துவிட்டது.

அண்ணாச்சிதான் தடுத்தார். “பொறுங்கள். உள்ளே இருக்கும் பிளைவீல் எது என்று தெரியுமா?” நாங்கள் விழித்தோம்.

அவர் கூறியதன் சாரம் இது. இவ்வகை வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வருவது இரட்டைப் பிளைவீல். அதாவது இரண்டு வட்டுகளுக்கு நடுவே சுருள்வில்களை வைத்து, எஞ்சினின் அதிர்வைத் தணிக்கும் அமைப்பு. ஜெர்மனியில் லூக் நிறுவனம் 1985ஆம் ஆண்டில் இதைத் தொடர் உற்பத்திக்குக் கொணர்ந்தது. அதிர்வைப் பிளைவீலே வாங்கிக்கொள்வதால், அதோடு சேரும் கிளட்ச் தட்டின் நடுவே வில்கள் தேவையில்லை. மாறாக, ஒரே வார்ப்பான ஒற்றைப் பிளைவீல் இருப்பின், தட்டின் நடுவே வில்கள் இருந்தேயாக வேண்டும். வில் இல்லாத தட்டை ஒற்றைப் பிளைவீலோடு சேர்த்தால் அதிர்வைத் தணிப்பார் யாருமில்லை. அத்தனையும் கியர் பெட்டியின் பற்களில் போய் மோதும். பழைய வண்டிகளில் பலர் இரட்டையை நீக்கி ஒற்றையைப் பொருத்தியிருப்பர். “வண்டியின் ஆண்டைச் சொல்லி வாங்குவது புதிய வண்டிக்குச் சரி. பழைய வண்டிக்கு, உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான் கியர் பெட்டியை இறக்க இன்னும் ஐந்து நாள் ஆகும்” என்றார் அண்ணாச்சி. கப்பலோ மூன்றாம் நாள்.

அன்று மாலை அத்தையைப் பார்க்கச் சென்றோம். செய்தியைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “மருமகனே, புதிதாகப் போடுவது ஏற்றத்தில் பின்னால் போகாதல்லவா?” போகாது என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “உங்கள் மாமா வண்டிக்குச் செய்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவார். பீரோவில் கிடக்கும், பாருங்கள். நான் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை” என்றார்.

நீலநிற அட்டை போட்ட நீண்ட கணக்கு நோட்டு. ஒப்பந்தக்காரர் கையெழுத்து, கிலோமீட்டர், தேதி, செலவு, காரணம் என நான்கு கட்டங்கள். நாம் ஓர் எழுத்தர். பதினைந்து ஆண்டுப் பதிவுகள் ஒரு வரி தவறாமல் இருப்பதைக் கண்டு நமக்குக் கைகூப்பத் தோன்றிற்று. 2013ஆம் ஆண்டுப் பக்கத்தில் நாம் தேடியது இருந்தது. இரட்டைப் பிளைவீலை நீக்கி ஒற்றைப் பிளைவீல் பொருத்தியிருந்தார், அதோடு வி.ஆர். 6 என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு உரிய கிளட்ச். காரணக் கட்டத்தில் இவ்வாறு எழுதியிருந்தார்: ‘இரட்டையை இங்கே கடைசலில் சீவ முடியாது. ஒற்றையைச் சீவலாம். செராமிக் போடச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். படகுத்துறையில் மெதுவாக ஏற வேண்டும். அவளுக்கு முதுகுவலி.’

தம்பி அவ்வரிகளை இரண்டு முறை படித்தான். பிறகு நோட்டை அத்தையிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. வேகத்துக்காகவே வாழ்ந்தார் என்று நாம் எண்ணியிருந்த மனிதர், தம் வண்டியின் பிடி எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தம் மனைவியின் முதுகை வைத்து முடிவு செய்திருக்கிறார். அதை அவரிடம் சொல்லவும் இல்லை. “மாமா இருந்தால் இதைத்தான் செய்திருப்பார்” என்ற வாதம் அதன்பின் நம் வீட்டில் எழவில்லை. அவர் செய்ததே கண்ணெதிரே இருந்தது.

மாமாவின் தேர்வில் பொறியியல் நுட்பமும் இருந்தது என்பதை அண்ணாச்சி பின்னர் விளக்கினார். ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வாகனும் ஒரே குடும்பத்தின் வண்டிகள் ஆதலின், ஒன்றின் உறுப்புப் பல இடங்களில் மற்றதற்குப் பொருந்தும். வி.ஆர். 6 என்பது 2.8 லிட்டர் எஞ்சின். அதற்கென அமைந்த கிளட்ச் நம் 1.8 லிட்டர் டர்போவின் முறுக்கைத் தாங்கி, இன்னும் சிறிது கைக்காவலும் வைத்திருக்கும். பட்டையோ சாதாரண மென்பட்டை; நடுவே வில்கள் உண்டு. வலுவும் மென்மையும் சேர்ந்த நடுவழி. உலகெங்கும் இவ்வகை டர்போ வண்டி வைத்திருப்போர் இந்தச் சேர்க்கையை நன்கறிவர். இதற்கும் ஒரு விலை உண்டு: ஒற்றைப் பிளைவீலில் வண்டி நின்றபடி ஓடும்போது கியர் பெட்டியிலிருந்து சிறு கடகடப்புக் கேட்கும், மிதியும் சற்றுக் கனக்கும். அது நமக்குத் தெரிந்து ஏற்றுக்கொண்ட குறை. தெரியாமல் வந்து சேரும் குறைதான் சரிவில் கைவிடும்.

மறுநாளே உரிய செட்டுக்குப் பணம் அனுப்பினோம். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே தயாரிப்பாளருடையவை, ஒரே பெட்டியில். தட்டை மட்டும் வாங்கினால் செலவு குறையும் என்று நம் பழைய புத்தி ஒரு கணம் தலைகாட்டிற்று. அண்ணாச்சி சொன்னது அதை அடக்கிற்று: “பொருள் விலை பாதி, கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் வேலை பாதி. ஐம்பது ரூபாய்ச் சாமானுக்காக இரண்டாம் முறை இறக்குவாயா?” இறக்கியபோது மாமாவின் நோட்டுச் சொன்னபடியே ஒற்றைப் பிளைவீல் இருந்தது. அதன் முகத்தில் வெப்பத்தால் நீலப் புள்ளிகள் பூத்திருந்தன. கடைசல் பட்டறையில் மெல்லச் சீவிச் சமன் செய்தோம். எஞ்சின் முனையின் எண்ணெய் அடைப்பானும் கசியத் தொடங்கியிருந்தது. விட்டிருந்தால் புதிய தட்டின்மேல் எண்ணெய் படிந்து மீண்டும் வழுக்கியிருக்கும். அதையும் மாற்றினோம். தம்பியின் சேமிப்பிலிருந்து பாதியை அவன் வற்புறுத்தியே கொடுத்தான். மீதி நம் சம்பளத்திலிருந்து. அத்தை கொடுக்க வந்ததை வாங்கவில்லை.

பெட்டி ஹட்டோ துறையில் வந்திறங்கிய நாளில், சாளரத்தில் நின்ற வரிசை முடியும்வரை நமக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூட்டி முடித்தபின் அண்ணாச்சி ஒரு கட்டளை இட்டார்: முதல் சில நூறு கிலோமீட்டருக்கு டர்போ முழு மூச்சு விடும்படி முடுக்கக் கூடாது, பட்டையும் இரும்பும் ஒன்றோடொன்று பழக வேண்டும். தம்பி அதை விரதம்போல் கைக்கொண்டான்.

தை மாதத்தில் மறுபடியும் நல்ல வற்று நேரத்தில் சாத்தம் துறைச் சரிவில் ஏறினோம். முன்னே சிமெண்டு மூட்டை ஏற்றிய லாரி. அது நின்றது, நாமும் நின்றோம். அது ஒரு முழம் நகர்ந்தது, நாமும் நகர்ந்தோம். எஞ்சின் உறுமவில்லை, நாற்றம் இல்லை. அத்தையின் கையைப் பார்த்தோம். அது கதவின் பிடியில்தான் இருந்தது. பாதி ஏறியதும், அது மெல்ல இறங்கி மடியில் அமர்ந்தது. மேலே வந்ததும் தம்பி ஒன்றும் சொல்லாமல், அத்தையின் பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கிக் காற்று வரவிட்டான்.

அன்பர்களே, நம்முள் பெரும்பாலோர் வைத்திருப்பது பழைய வண்டிகளே. மாருதியோ ஜீப்போ, சரக்கு ஆட்டோவோ. கடல் கடந்து வரும் உறுப்புகளை நம்பியே நம் பிழைப்பு நடக்கிறது. ஆகவே நாம் பட்டறிந்த நான்கை மட்டும் சொல்லி முடிக்கிறோம். வண்டி எங்கே, யாரை ஏற்றிக்கொண்டு, எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதை முதலில் எண்ணுங்கள். அதன்பின் வலுவை எண்ணுங்கள். பணம் அனுப்புமுன் உள்ளே இருப்பது எது என்று உறுதி செய்யுங்கள். ஒரு முறை பிரித்தால் அங்கே தேயும் அனைத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். செய்ததை ஒரு நோட்டில் காரணத்தோடு எழுதி வையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் அது உங்களுக்காகப் பேசும்.

மாமாவின் நீல நோட்டில் இப்போது ஒரு புதிய வரி ஏறியிருக்கிறது. தேதியும் கிலோமீட்டரும் செலவும் நாம் எழுதினோம். காரணக் கட்டத்தைத் தம்பி எழுத வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டான். நெடுநேரம் பேனாவைக் கையில் பிடித்திருந்தபின் அவன் எழுதியது இரண்டே சொற்கள்: ‘அதே காரணம்.’